ஃப்ளைசிஸ்டம் 3: லோக்கல் டிஸ்கிலிருந்து எஸ்3-க்குப் போகும்போது எது எது உடையும்?

கேள்வி – ஆவணப்பெட்டி

வணக்கம். பழைய இதழ்கள், பத்திரங்கள், வரைபடங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் செயலி இது. பிஹெச்பி 8.2, ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லை. ஒரே சர்வரின் டிஸ்கில் சுமார் 6 லட்சம் கோப்புகள், மொத்தம் 9 டிபி. பெரும்பகுதி 3 முதல் 8 எம்பி வரையான ஜேபெக் படங்கள். மூலப் பிரதிகளான டிஃப் கோப்புகள் 60-லிருந்து 300 எம்பி வரை போகும்.

இப்போதைய கோட் முழுக்க ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ், ரீநேம், ஈஸ்_டிர், குளோப் என்று டிஸ்கையே நேரடியாகத் தொடுகிறது. நடுவில் ஃப்ளைசிஸ்டம் 3-ஐ (எந்தச் சேமிப்பகத்தையும் ஒரே மாதிரி அணுகவைக்கும் பிஹெச்பி நூலகம்) வைத்து, டெவலப்மென்டுக்கு லோக்கல் அடாப்டர் (அந்தந்தச் சேமிப்பகத்தோடு பேசும் பகுதி), ஸ்டேஜிங்குக்கு எஸ்3 ஏபிஐ பேசும் வேறொரு சேமிப்பகம், புரொடக்ஷனுக்கு அமேசானின் எஸ்3, டெஸ்டுக்கு மெமரி அடாப்டர் என்று பிரிப்பது திட்டம். பாதிக் கோடை மாற்றியாகிவிட்டது. நிற்கும் இடங்கள் இவை:

1. 300 எம்பி டிஃபை எழுதும்போது மெமரி லிமிட் (256 எம்பி) தாண்டிப் போய்விடுகிறது.

2. லோக்கலில் ஓடும் காப்பி, ஸ்டேஜிங்கில் "அனேபிள்டுகாப்பிஃபைல்" என்று எக்செப்ஷன் தருகிறது. உள்ளே பார்த்தால் "நாட் இம்ப்ளிமென்டட்" என்று இருக்கிறது. எழுதுவதும் படிப்பதும் சரியாகவே நடக்கின்றன.

3. ஓர் இதழின் ஃபோல்டர் பெயரை மூவ் மூலம் மாற்றுவது லோக்கலில் நடக்கிறது, ஸ்டேஜிங்கில் நடக்கவில்லை.

4. தமிழ்ப் பெயருள்ள சில கோப்புகள் லிஸ்ட்கன்டென்ட்ஸ் பட்டியலில் வருகின்றன. அதே பாதையைக் கொடுத்துத் திறந்தால் "கரப்டட்பாத்டிடெக்டட்" என்கிறது. டிஸ்கில் அந்தக் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

5. தளத்தை நிறுத்தாமல் 9 டிபி-யை எப்படி நகர்த்துவது?

---

பதில் – தாமிரபரணி_கோட்

3-இலிருந்து தொடங்குகிறேன், மற்றவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ஃப்ளைசிஸ்டம் எல்லாச் சேமிப்பகத்துக்கும் ஒரே மெத்தட் பெயர்களைத் தருகிறது. ஆனால் அடியில் இருப்பதன் குணத்தை அதனால் மாற்ற முடியாது. எஸ்3-இல் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது. கோப்பின் முழுப் பெயரான நீளமான கீ மட்டும்தான் உண்டு, அதில் வரும் சாய்கோடு வெறும் எழுத்து. மூவ் என்பது கோப்புக்கான மெத்தட். லோக்கல் அடாப்டர் உள்ளே பிஹெச்பி ரீநேமை அழைப்பதால் ஃபோல்டரும் தற்செயலாக நகர்ந்துவிடுகிறது. அதை நம்பி எழுதிய கோட் எஸ்3-இல் உடைந்தே தீரும்.

எஸ்3 அடாப்டரில் மூவ் என்றால் காப்பி செய்து பழையதை அழிப்பது. 400 பக்கம் உள்ள ஓர் இதழின் பெயரை மாற்ற 400 காப்பி, 400 டிலீட். நடுவில் அறுந்தால் பாதி இங்கே, பாதி அங்கே. ஆகவே இதழின் பெயரைப் பாதையில் வைக்கவே வேண்டாம். பாதையில் மாறாத அடையாள எண், பெயர் டேட்டாபேஸில். பெயர் மாற்றம் அப்போது ஒரு அப்டேட் வரியோடு முடியும். குளோபுக்கும் இதே மருந்துதான்: "இந்த இதழில் என்னென்ன பக்கங்கள்" என்ற கேள்வியைச் சேமிப்பகத்திடம் கேட்கக் கூடாது, டேட்டாபேஸிடம் கேட்க வேண்டும். எஸ்3 ஒரு பட்டியல் அழைப்புக்கு அதிகபட்சம் 1,000 கீ-தான் தரும். உங்கள் 6 லட்சத்தையும் ஒருமுறை பார்க்க 600 அழைப்பு.

பட்டியல் எடுத்தே ஆக வேண்டிய இடத்தில், திரும்பி வருவதை ஃபோர்ஈச்சில் அப்படியே ஓட்டுங்கள். அது ஜெனரேட்டர்; டுஅரே அல்லது சார்ட்பைபாத் போட்ட நொடியே மொத்தப் பட்டியலும் மெமரிக்கு வந்துவிடும். எஸ்3 பட்டியலோடு அளவும் கடைசியாக மாறிய நேரமும் கூடவே வரும், அதற்காகக் கோப்புக்கு ஒரு அழைப்பு போட வேண்டாம். மைம் வகை (கோப்பு படமா, உரையா என்ற குறிப்பு) வராது.

அடுத்து 2. காப்பி செய்யும்போது எஸ்3 அடாப்டர், மூலக் கோப்பின் விசிபிலிட்டியை (பப்ளிக்கா பிரைவேட்டா என்பதை) அப்படியே வைத்துக்கொள்வதற்காக முதலில் அதன் ஏசிஎல்-ஐ, அதாவது அனுமதிப் பட்டியலை, கேட்கிறது. உங்கள் ஸ்டேஜிங் சேமிப்பகம் அந்த ஏபிஐ-யை நிறைவேற்றவில்லை, அதனால்தான் "நாட் இம்ப்ளிமென்டட்". நிஜ எஸ்3-இலும் ஐஏஎம் (அமேசானின் அனுமதி அமைப்பு) பாலிசியில் கெட்ஆப்ஜெக்ட்ஏசிஎல் அனுமதி இல்லாவிட்டால் இதே இடத்தில் "ஆக்சஸ் டினைட்" வரும். காப்பியின் கான்ஃபிக் அரேயில் "ரிட்டெயின்_விசிபிலிட்டி" என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஒவ்வோர் அழைப்பிலும் எழுத வேண்டாம். ஃபைல்சிஸ்டம் ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே இரண்டாவது ஆர்குமென்டில் கொடுத்தால் போதும், மூவுக்கும் சேர்த்துப் பொருந்தும்.

விசிபிலிட்டியில் இன்னும் இரண்டு குழிகள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு உருவான எஸ்3 பக்கெட்டில் (கோப்புகளை வைக்கும் கொள்கலன்) ஏசிஎல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அங்கே பப்ளிக் என்று எழுதினால் 400 பிழை வரும். கோப்பைப் பொதுவில் காட்ட பக்கெட் பாலிசியோ முன்னால் ஒரு சிடிஎன்-னோ வையுங்கள், கோடிலிருந்து விசிபிலிட்டியைத் தொடாதீர்கள். மற்றது லோக்கலில்: தானாக உருவாகும் டைரக்டரிக்கு இயல்பு விசிபிலிட்டி பிரைவேட், அதாவது 0700. பிஹெச்பி ஒரு யூசராகவும் என்ஜின்எக்ஸ் வேறொரு யூசராகவும் ஓடினால் கோப்பு 0644 இருந்தும் 403 வரும். "டைரக்டரி_விசிபிலிட்டி" பப்ளிக் என்று கான்ஃபிக்கில் சொல்லிவிட்டால் 0755 ஆகும். ஏற்கெனவே உருவான டைரக்டரிகளைக் கையால் மாற்ற வேண்டும்.

இனி 1. ரைட்டுக்கு ஸ்ட்ரிங் கொடுக்கிறீர்கள். 300 எம்பி கோப்பு முழுக்க மெமரிக்கு வந்துவிடுகிறது. எஃப்ஓப்பனில் திறந்து ரைட்ஸ்ட்ரீமுக்குக் கொடுங்கள். எஸ்3 பக்கத்தில் ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே 16 எம்பி-க்கு மேல் உள்ளதைத் துண்டு துண்டாக அனுப்பும். துண்டின் குறைந்தபட்ச அளவு 5 எம்பி, ஒரு கோப்புக்கு அதிகபட்சம் 10,000 துண்டு. மெமரி தேவை, ஒரே நேரத்தில் போகும் துண்டுகளின் எண்ணிக்கையைத் துண்டின் அளவால் பெருக்கினால் வருவதை ஒட்டி இருக்கும். 256 எம்பி தாராளமாகப் போதும்.

ஸ்ட்ரீமில் கவனிக்க வேண்டியவை:

– எழுதி முடித்ததும் எஃப்க்ளோஸ் போடுவதற்கு முன் ஈஸ்_ரிசோர்ஸ் பாருங்கள். சில எஸ்டிகே-க்கள் தாங்களே மூடிவிடும். மூடியதை மறுபடி மூடப்போனால் டைப்எரர்.

– எஸ்3-இலிருந்து ரீட்ஸ்ட்ரீமில் வருவது நெட்வொர்க் ஸ்ட்ரீம், பின்னால் நகர்த்த முடியாது. எக்ஸிஃப் (படத்துக்குள் பதிந்த விவரம்) படிப்பது போன்றவை லோக்கலில் ஓடி எஸ்3-இல் உடையும். ஸ்ட்ரீம்_காப்பி_டு_ஸ்ட்ரீம் கொண்டு பிஹெச்பி-யின் டெம்ப் ஸ்ட்ரீமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது 2 எம்பி வரை மெமரியில் வைத்து, தாண்டினால் தானே தற்காலிகக் கோப்புக்குப் போய்விடும்.

– ஸ்ட்ரீமாக எழுதும்போது மைம் வகையை உள்ளடக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காது, பெயரின் எக்ஸ்டென்ஷனை வைத்தே முடிவு செய்யும். கீ-யில் எக்ஸ்டென்ஷன் இல்லாவிட்டால் பிரவுசர் படத்தைக் காட்டாமல் டவுன்லோடு செய்யும். "கன்டென்ட்டைப்" ஆப்ஷனை நீங்களே கொடுங்கள்.

– அறுந்துபோன அப்லோடின் துண்டுகள் பக்கெட்டில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கும், அவற்றுக்கும் வாடகை உண்டு. முடியாத மல்டிபார்ட் அப்லோடை 7 நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியை முதல் நாளே பக்கெட்டில் போடுங்கள்.

---

பதில் – எழுத்துருவன்

4-க்கு மட்டும் சொல்கிறேன். இது தமிழ்க் கோப்புப் பெயர்களைக் குறிவைத்தாற்போல் தாக்கும் விஷயம்.

ஃப்ளைசிஸ்டம் ஒவ்வொரு பாதையையும் "வைட்ஸ்பேஸ்பாத்நார்மலைசர்" வழியாக அனுப்புகிறது. மேல் டைரக்டரிக்குத் தப்பிப் போகும் இரட்டைப் புள்ளியைத் தடுப்பது அதன் ஒரு வேலை. இன்னொன்று, யூனிகோடில் "சி" என்ற பெருவகைக்குள் வரும் எழுத்து ஒன்று இருந்தாலும் பாதையை நிராகரிப்பது. அந்தப் பெருவகையில் கன்ட்ரோல் எழுத்துகளோடு ஃபார்மட் எழுத்துகளும் அடங்கும். ஜீரோ விட்த் நான்-ஜாயினர் அதில்தான் இருக்கிறது. க், ஷ இரண்டையும் க்ஷ என்று ஒட்டாமல் பிரித்துக் காட்ட இந்த எழுத்தைச் சில விசைப்பலகைகளும் எழுத்துரு மாற்றிகளும் நடுவில் போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது; 3 பைட் உட்கார்ந்திருக்கும். டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்க முறையில் பெயரிட்ட பழைய கோப்புகள் இருந்தால் அவையும் மாட்டும், ஏனென்றால் அந்த எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன. அதுவும் "சி"தான்.

பட்டியலில் வந்து, திறக்கும்போது உடைவதற்குக் காரணம்: நீங்கள் கொடுக்கும் பாதைதான் நார்மலைசர் வழியே போகிறது. அடாப்டரிலிருந்து திரும்பி வரும் பட்டியல் போவதில்லை.

இதைவிட மோசமானது எக்செப்ஷனே தராத பிரச்சினை. ொ என்ற உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாக எழுதலாம். ெ, ா என இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். ோ, ௌ ஆகியவற்றுக்கும் இதே இரட்டை வழி உண்டு. "கொடைக்கானல்" ஒரு வழியில் 33 பைட், மறு வழியில் 36 பைட். திரையில் வேறுபாடு தெரியாது. எஸ்3-க்கும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-க்கும் இவை இரண்டு வேறு கோப்புகள். மேக்கில் இரண்டும் ஒன்று. ஆகவே டெவலப்பரின் மேக்கில் எல்லாம் சரியாக இருந்து, சர்வரில் "கோப்பு இல்லை" என்று வரும்.

நீள வரம்பையும் பாருங்கள். தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு யூடிஎஃப்-8-இல் 3 பைட். எஸ்3 கீ அதிகபட்சம் 1,024 பைட், அதாவது பாதை முழுவதற்கும் 341 தமிழ்க் குறியெண். ஈஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட், வெறும் 85 குறியெண். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி எண்ணிக்கை என்பதால் நீளமான இதழ்த் தலைப்பு ஒன்று இந்த வரம்பை எளிதாகத் தொட்டுவிடும்.

பெயரைப் பாதையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சொந்தமாக ஒரு பாத்நார்மலைசர் எழுதி, ஃபைல்சிஸ்டமின் மூன்றாவது ஆர்குமென்டாகக் கொடுங்கள். அதற்குள் முதலில் இன்டிஎல் எக்ஸ்டென்ஷனின் நார்மலைசரால் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு குறியெண்ணை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றி, பிறகு நான்-ஜாயினரை நீக்கி, கடைசியில் பழைய வைட்ஸ்பேஸ்பாத்நார்மலைசரிடமே ஒப்படையுங்கள். இரட்டைப் புள்ளிப் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது. இதைப் போடுவதற்கு முன்பே டிஸ்கில் உள்ள பெயர்களையும் சாதாரண ரீநேமால் அதே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் கோப்பே கிடைக்காமல் போகும். ஓட்டும் முன் மோதல் பாருங்கள்: மாற்றிய பின் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிட்டால் ரீநேம் ஒன்றின்மேல் மற்றதைச் சத்தமில்லாமல் எழுதிவிடும். ஒரு பிரதி அதோடு போய்விடும்.

என் கருத்தும் தாமிரபரணி சொன்னதுதான்: பாதையில் எண், பெயர் டேட்டாபேஸில். தமிழ்ப் பெயர் வாசகருக்கு டவுன்லோடில் தெரிந்தால் போதும். அதற்கு டெம்பரரியூஆர்எல் அழைக்கும்போது "கெட்_ஆப்ஜெக்ட்_ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் "ரெஸ்பான்ஸ்கன்டென்ட்டிஸ்போசிஷன்" கொடுங்கள். ஹெடரில் நட்சத்திரக் குறியுள்ள ஃபைல்நேம் வடிவத்தில், யூடிஎஃப்-8 என்று சொல்லி, சதவீதக் குறியாக்கம் செய்து எழுத வேண்டும். நட்சத்திரமில்லாத வடிவத்தில் தமிழை அப்படியே போட்டால் பிரவுசருக்குப் பிரவுசர் குப்பையாகும்.

---

ஆவணப்பெட்டி

மிக்க நன்றி. பாதையில் எண் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே டைரக்டரியில் 6 லட்சம் போடாமல் எப்படிப் பிரிப்பது? 5-க்கும் யாராவது வழி சொன்னால் நல்லது. இன்னொன்று: எஸ்3-இல் இல்லாத கோப்புக்கு ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ் கேட்டால் ஃபால்ஸ் வராமல் எக்செப்ஷன் வருகிறது.

---

பதில் – இடமாற்றி

கடைசிக் கேள்விக்கு முதலில். ஐஏஎம் பாலிசியில் லிஸ்ட்பக்கெட் அனுமதி இல்லாதபோது, இல்லாத கீ-க்கு எஸ்3 404 சொல்லாது, 403 சொல்லும். இருக்கிறதா இல்லையா என்பதையே உங்களுக்குச் சொல்ல மறுக்கிறது. அந்த அனுமதியை ஆப்ஜெக்ட் பாதைக்கு அல்ல, பக்கெட்டின் மேல் கொடுக்க வேண்டும். பலர் நட்சத்திரத்தோடு கூடிய ஆப்ஜெக்ட் பாதையில் கொடுத்துவிட்டுத் தேடுவார்கள்.

பிரிப்பதற்கு: எண்ணின் ஹாஷில் முதல் இரண்டு ஹெக்ஸ் எழுத்துகள் போதும். 256 டைரக்டரி, ஒன்றில் சுமார் 2,300 கோப்பு. இரண்டு அடுக்கு போட்டால் 65,536 டைரக்டரி, ஒன்றில் 9 கோப்பு. பேக்கப் எடுப்பது மெதுவாகும், பயன் எதுவும் இல்லை. எஸ்3-க்கு இந்தப் பிரிப்பே தேவையில்லை. ஒரு பிரிஃபிக்ஸுக்கே நொடிக்கு 3,500 எழுதலும் 5,500 படித்தலும் தாங்கும்.

இடமாற்றத்துக்கு ஒரு அடாப்டர் எழுதுங்கள். ஃபைல்சிஸ்டம்அடாப்டர் இன்டர்ஃபேஸில் 17 மெத்தட்தான். பெரும்பாலானவை ஒரு வரி. உள்ளே புதியது, பழையது என இரண்டு அடாப்டர்:

எழுதுவது எப்போதும் புதியதில் மட்டும். இரண்டிலும் எழுத ஆசை வரும், வேண்டாம். ஸ்ட்ரீம் ஒருமுறை படித்ததும் தீர்ந்துவிடும். இரண்டாவது அடாப்டர் 0 பைட் கோப்பை எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும்.

படிப்பது புதியதில், இல்லாவிட்டால் பழையதில். இதில்தான் மிகவும் கவனம் தேவை. "அனேபிள்டுரீட்ஃபைல்" எக்செப்ஷனைப் பிடித்துக்கொண்டு பழையதற்குப் போகாதீர்கள். கோப்பு இல்லாதபோதும் அதே எக்செப்ஷன், நெட்வொர்க் அறுந்தாலும் அதே எக்செப்ஷன். நெட்வொர்க் கோளாறில் பழையதற்குப் போனால், திருத்தி மறுபடி ஏற்றிய பக்கத்துக்குப் பதில் பழைய பக்கம் வாசகருக்குப் போகும். புதியதில் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ் ஃபால்ஸ் என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் பழையதைத் திறக்கவும். கோப்புக்கு ஒரு ஹெட் அழைப்பு (கோப்பை இறக்காமல் விவரம் மட்டும் கேட்பது) கூடும், இடமாற்றக் காலத்துக்கு அது பரவாயில்லை.

அழிப்பது இரண்டிலும், பழையதில் முதலில். வரிசை மாறினால், இரண்டு டிலீட்டுக்கும் நடுவே வரும் வாசகருக்குப் பழையதிலிருந்து அழித்த கோப்பு எடுத்துக் கொடுக்கப்படும்.

பின்னணியில் நகர்த்தும் நிரல் டிஸ்க் பட்டியலைப் பார்த்து ஓடக் கூடாது, டேட்டாபேஸ் வரிகளைப் பார்த்து ஓட வேண்டும். ஒரு வரியைப் பூட்டி, கோப்பைப் புதியதில் ஏற்றி, சரிபார்த்து, "நகர்ந்தது" என்று குறித்து, பூட்டை விடவும். அழிக்கும் கோடும் அதே வரியின் பூட்டை எடுக்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஏறிக்கொண்டிருக்கும்போது யாராவது அழித்த கோப்பு, ஏற்றம் முடிந்ததும் உயிர்பெற்று நிற்கும். ஏற்றுவதற்கு முன் புதியதில் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் அது பயனர் எழுதிய புதிய பிரதி, அதன்மேல் பழையதை எழுதக் கூடாது.

சரிபார்ப்புக்கு செக்சம் மெத்தடை இயல்பாக அழைத்தால் ஏமாற்றும். லோக்கல் அடாப்டர் எம்டி5 தரும், எஸ்3 அடாப்டர் ஈடேக் (எஸ்3 கோப்புக்குக் கொடுக்கும் அடையாளக் குறி) தரும். துண்டுகளாக ஏறிய கோப்பின் ஈடேக் எம்டி5 அல்ல. கடைசியில் ஒரு சிறுகோடும் (-) துண்டு எண்ணிக்கையும் இருக்கும். உங்கள் டிஃப் எல்லாமே பொருந்தவில்லை என்று வரும். "செக்சம்_ஆல்கோ" என்பதை ஷா256 என்று கொடுத்தால் நூலகம் கோப்பை முழுக்கத் திரும்ப இறக்கிக் கணக்கிடும். அதற்கான டவுன்லோடு கட்டணம் உண்டு. எல்லாவற்றுக்கும் அளவை ஒப்பிட்டு, மூலப் பிரதிகளான டிஃபுக்கு மட்டும் ஷா256 போடலாம். லோக்கல் ஷா256-ஐ எல்லாவற்றுக்கும் கணக்கிட்டு டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பகத்துக்கு அது எப்படியும் வேண்டும்.

நேரம்: 9 டிபி, 200 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் 100 மணி நேரம். இரவில் மட்டும் 8 மணி நேரம் ஓட்டினால் 13 இரவு.

எல்லா வரியும் நகர்ந்தபின், பழைய லோக்கல் அடாப்டரை ரீட்ஒன்லி அடாப்டர் பொதியால் மூடி வையுங்கள். பழையதில் எழுதும் அழைப்பு எங்காவது கோடில் மறந்துபோய் இருந்தால் எக்செப்ஷன் வந்து இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

---

பதில் – சோதனைச்சாலை

டெஸ்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மெமரி அடாப்டர் வேகமானது, ஆனால் இங்கே பேசிய எந்தப் பிழையையும் பிடிக்காது: அதன் ஸ்ட்ரீமைப் பின்னால் நகர்த்தலாம், அனுமதி கிடையாது, நெட்வொர்க் அறாது. லாஜிக் டெஸ்டுக்கு மெமரி. அதோடு மினியோ (எஸ்3 ஏபிஐ பேசும் சேமிப்பக மென்பொருள்) கன்டெய்னர் ஒன்றை சிஐ-யில் (டெஸ்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஏற்றி, எழுதல், ஸ்ட்ரீம் படித்தல், காப்பி, அழித்தல் ஆகியவற்றுக்குச் சில டெஸ்ட் ஓட்டுங்கள். மினியோவுக்கு "யூஸ்_பாத்_ஸ்டைல்_எண்ட்பாயின்ட்" ட்ரூ வேண்டும். இல்லையென்றால் பக்கெட் பெயரை ஹோஸ்ட் பெயரின் முன்னால் ஒட்டித் தேடி டிஎன்எஸ் பிழை வரும்.

இடமாற்றி சொன்ன இரட்டை அடாப்டருக்கு டெஸ்ட் கையால் எழுத வேண்டாம். ஃப்ளைசிஸ்டமே "அடாப்டர் டெஸ்ட் யுட்டிலிட்டீஸ்" என்ற பொதியைத் தருகிறது. அதிலுள்ள ஃபைல்சிஸ்டம்அடாப்டர்டெஸ்ட்கேஸை எக்ஸ்டெண்ட் செய்து உங்கள் அடாப்டரை உருவாக்கும் மெத்தடை மட்டும் நிரப்பினால், அதிகாரபூர்வ அடாப்டர்கள் தேறும் அதே சோதனைகள் ஓடும்.

கோடில் டைப் எழுதும்போது ஃபைல்சிஸ்டம் கிளாஸை எழுதாதீர்கள். படிக்க மட்டும் செய்யும் கிளாஸுக்கு ஃபைல்சிஸ்டம்ரீடர், இரண்டும் செய்வதற்கு ஃபைல்சிஸ்டம்ஆப்பரேட்டர். படம் காட்டும் பகுதி தவறுதலாக அழிக்க வாய்ப்பே இருக்காது.

---

ஆவணப்பெட்டி

ஒரே ஒரு சந்தேகம். எண்ணுக்குப் பதில் கோப்பின் ஷா256-ஐயே கீ-யாக வைத்தால் இரட்டைப் பிரதிகள் தானாக ஒன்றாகிவிடுமே, அது நல்லதா?

---

பதில் – இடமாற்றி

இடம் மிச்சமாகும், அழிப்பது சிக்கலாகும். இரண்டு இதழ்ப் பதிவுகள் ஒரே கீ-யைச் சுட்டும்போது ஒன்றை அழித்தால் மற்றதன் படமும் போய்விடும். அதைத் தடுக்க, சுட்டும் எண்ணிக்கையை டேட்டாபேஸில் வைத்து, 0 ஆனபின்பும் உடனே அழிக்காமல் சில நாள் கழித்துத் தனி நிரலால் அழிக்க வேண்டும். அதற்குள் அதே கோப்பை யாராவது மறுபடி ஏற்றியிருக்கலாம். ஸ்கேன் படங்களில் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பவை மிகக் குறைவு, ஒரே தாளை இரண்டாம் முறை ஸ்கேன் செய்தாலே ஹாஷ் மாறிவிடும். யூயூஐடி கீ, ஷா256 தனிப் பத்தியில், அதன்மேல் ஒரு இண்டெக்ஸ். இரட்டைப் பிரதி வந்தால் ஏற்றும்போதே பயனரிடம் கேட்டுவிடலாம்.